இருமலை வெட்டாதவள்

அந்த அக்கா முதல் தடவை என்னை அடித்தது ஓர் இருமலுக்காக.

சிம்மக்கல்லில் மிளகாய் வத்தல் மண்டிக்கு மேல்மாடியில் இருந்தது அவளுடைய ரெக்கார்டிங் அறை. கீழே மூட்டை பிரித்தால் மேலே பாடகர் இருமுவார். நெடி படியேறி வரும். கதவுக்கும் கம்பளிக்கும் சுவரில் ஒட்டிய பஞ்சுக்கும் அது கட்டுப்படாது. நான் அப்போது ஆட்டோ விளம்பரங்களுக்கு வசனம் எழுதிக்கொண்டிருந்தேன். ஆடித் தள்ளுபடி, அன்னதானம், இரண்டு நாள் தண்ணீர் வராத வார்டுகள், நற்செய்திக் கூட்டம், எல்லாம் என் கை வழியாகத்தான் தெருவுக்குப் போகும். அன்றைக்கு ஒரு நகைக்கடை. வாசித்தவர் "செய்கூலி இல்லை" என்று கம்பீரமாக முடித்துவிட்டு, இருமிவிட்டார்.

"அக்கா, அந்த இருமல மட்டும் எடுத்துருங்க" என்றேன்.

எவர்சில்வர் டம்ளர் என் புருவத்தில் வந்து விழுந்தது. டீயோடு.

"அவன் இருமுனான்யா. இருமவே இல்லன்னு சொல்றதுக்கு நீ யாரு?"

பிறகு அவளே பஞ்சு கொண்டுவந்து ரத்தத்தைத் துடைத்தாள். துடைத்தபோது அடித்ததைவிட அதிகமாக வலித்தது. "திரும்ப வாசிக்கச் சொல்லு. நூறு தடவ வாசிக்கட்டும், நான் ஒக்காந்து எடுக்குறேன். வாசிச்சத வெட்டச் சொல்லாத" என்றாள். அதுதான் அந்த மாடியின் சட்டம். முழுசாக எடு, முழுசாகக் கொடு. பிடிக்காவிட்டால் மறுபடி முழுசாக எடு.

பெரிய எலும்புக்காரி. ஏசிக் குளிருக்குச் சேலை மேல் ஆம்பளைச் சட்டை போட்டிருப்பாள், நாற்று நடுகிறவர்கள் மாதிரி. இடது காது கேட்காது. எப்படிப் போனது என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒவ்வொரு கதை சொல்லியிருக்கிறாள். எனக்குச் சொன்னது சரவெடி. சர்ச் பாடகர்களுக்குச் சொன்னது அப்பா விட்ட அறை. ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவள் என்றும், கரும்பலகையைப் பெயர்த்து ஹெட்மாஸ்டர் மேல் சாய்த்ததால் வேலை போனது என்றும் மண்டிக்காரர் சொல்வார். நேரிலேயே கேட்டுவிட்டேன்.

"பொய்யி. கரும்பலக இல்ல, பீரோ."

அவள் சத்தத்தைச் சேர்த்து வைத்த விதம் எனக்குப் புரிய வெகுநாள் ஆனது. ஒருநாள் புரோட்டாக் கடையில் கொத்துச் சத்தம் கேட்டுக்கொண்டே சாப்பிட்டபோது, "நீங்களும் இதைத்தானக்கா பண்றீங்க? சத்தத்த நொடிக்கு நாப்பத்தி நாலாயிரத்துச் சொச்சம் தடவ கொத்துறீங்க" என்றேன். கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன்.

முட்டைத் துணுக்கு ஒட்டிய விரலால் என் மண்டையில் குட்டினாள்.

"கொத்துறது இல்ல கவிஞரே, அளக்குறது. காத்து இப்ப எம்புட்டு அழுத்துது? எழுது. இப்ப எம்புட்டு? எழுது. இப்ப? எழுது. நொடிக்கு அம்புட்டுத் தடவ அளந்து, அளந்தத அப்பிடியே வரிசையா அடுக்கி வைக்கிறது. அம்புட்டுத்தேன் ஃபைலு. எதையும் மடிக்கிறது இல்ல, சுருட்டுறது இல்ல. முன்னாடி மட்டும் சின்னதா ஒரு தலைப்பு இருக்கும். நான் இன்ன சாதி ஃபைலு, நொடிக்கு இத்தன அளவு, ஒத்த மைக்கா ரெட்ட மைக்கா, ஒவ்வொரு அளவும் எம்புட்டுத் தண்டி, எனக்குப் பின்னாடி சத்தம் எவ்வளவு நீளம்னு. அதுக்கப்புறம் பூரா வெறும் எண்ணுதேன்."

"சும்மா இருக்குற இடத்துக்கும் எண்ணா?"

"சும்மா இருக்குற இடத்துக்கும் அதே இடந்தேன். நீ தொண்ட கிழியக் கத்துனாலும் ஒரு நொடிக்கு அம்புட்டுத்தேன். வாய மூடிக்கிட்டு இருந்தாலும் ஒரு நொடிக்கு அம்புட்டுத்தேன். கூடவும் கெடையாது, கொறையவும் கெடையாது." கை கழுவ எழுந்தவள் நின்றாள். "சத்தத்தச் சுருக்கி வைக்கிற அந்த எம்பித்திரி ஃபைலு இருக்கே, அது பஞ்சாயத்து. பெரிய மனுசன் பேசுறப்ப சின்னவன் வாயத் தொறந்தா, நீ பேசலடான்னு எழுதிரும்."

அவளுக்கு அது உவமை இல்லை, பகை. ஒரு விளம்பர ஏஜென்ட், ஃபைல் பெரிதாக இருக்கிறது, மெயிலில் போகவில்லை என்று அவள் கொடுத்ததைச் சுருக்கி, எம்பித்திரியாக்கி ஆட்டோவில் போட்டுவிட்டான். மண்டி வாசலில் நின்றிருந்தவள் காதில் அது விழுந்தது. கேட்கிற ஒற்றைக் காதில். சாலைக்கு நடுவே போய் ஆட்டோவை மறித்தாள். டவுன் பஸ் அலறியது, பின்னால் பைக்கில் வந்தவன் வாய்க்கு வந்ததைப் பேசினான். அவள் கல்லை எடுத்து ஆட்டோ மேலிருந்த குழாய் ஸ்பீக்கரை அடித்தாள். நசுங்கும்வரை அடித்தாள். குழாய் வாயின் தகரம் உள்ளே மடங்கி, அப்படியும் "மாபெரும் மாபெரும்" என்று கத்திக்கொண்டிருந்தது.

"யக்கா! என் கொழாய்க்கா! வாடகக் கொழாய்க்கா!" என்று டிரைவர் அழுதார்.

"ஒன் கொழாய்க்கு நான் காசு தாரேன். என் சத்தத்துக்கு அவன் என்ன தருவான்?"

மறுநாள் டிரைவருக்குப் புதுக் குழாய் வாங்கிக் கொடுத்தாள். ஏஜென்ட் அதற்கப்புறம் சிம்மக்கல் பக்கமே வரவில்லை. இப்படியெல்லாம் சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும். எங்களுக்கும் வந்தது. அவள் கை ஓங்கும்போதெல்லாம் நாங்கள் குனிந்துகொண்டு சிரித்தோம். சர்ச் பாடகர் குழுத் தலைவர் ஒரு பெண்ணின் தனிப்பாட்டில் மூச்சு வாங்கும் இடங்களை மட்டும் எடுக்கச் சொன்னபோது, "மூச்ச எடுத்துட்டாப் பொணந்தேன் பாடும். ஒங்க சர்ச்சுல பொணம் பாடுமா?" என்று அவர் கண்ணாடியைப் பிடுங்கிக் காலில் போட்டு மிதித்தாள். அன்றும் சிரித்தோம். கை எங்கே போய் நிற்கும் என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

செல்வராணிக்கு ஆனையூர். அம்மன் பாட்டு, கும்மி, மசாலாப்பொடி விளம்பரம், எதைப் பாடினாலும் தொண்டையில் ஒரு சின்ன அரம் இருக்கும். புருஷன் லோடு வேன் ஓட்டுகிறவன். கோயிலில் பாடலாம், ஆட்டோவில் பாடக் கூடாது என்பது அவன் கட்டளை. அவள் பாடிக்கொண்டுதான் இருந்தாள். ஒருநாள் மத்தியானம் அவன் வேனை உரசிக்கொண்டு ஓர் ஆட்டோ அவள் குரலோடு போயிருக்கிறது. கூட நின்றவன், "மாப்ள, ஒன் வீட்டுக்காரி ஊருக்கே பொடி போடுறாடா" என்று சிரித்திருக்கிறான்.

அப்போது மாடியில் அக்கா கையடக்க ரெக்கார்டரை ஓடவிட்டுச் செல்வராணியின் பாட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். நான் டீ வாங்க இறங்கிக்கொண்டிருந்தேன். ஒருவன் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினான். மண்டி ஆள் என்று நினைத்து ஒதுங்கி வழிவிட்டேன்.

திரும்பி வந்தபோது கதவு திறந்து கிடந்தது. செல்வராணி மூலையில் சுருண்டு உட்கார்ந்திருந்தாள், உதடு கிழிந்து ரவிக்கை வரைக்கும் ரத்தம். புருஷன் மேசைமேல் குப்புறக் கிடந்தான். தாடை இருக்க வேண்டிய இடத்தில் இல்லை, ஒரு பக்கமாக ஒதுங்கிப் போயிருந்தது. கையடக்க ரெக்கார்டர் தரையில் பிளந்து கிடந்தது, பேட்டரி உருண்டு சுவரோரம் நின்றது. அக்கா மைக் ஸ்டாண்டின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"டீய வையி" என்றாள். "கீழ போயி ஆள் கூட்டிட்டு வா. இவனத் தூக்கணும்."

மண்டி ஆட்கள்தான் அவனைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். தாடையைக் கம்பி போட்டுக் கட்டினார்கள். செல்வராணி அவன்மேல் புகார் கொடுத்தாள். பேச முடியாதவன் பதில் புகாரை எழுதிக் கொடுத்தான். நான் என் பெண்டாட்டியைத் தொடவே இல்லை, அவள் படியில் வழுக்கி விழுந்தாள், அந்தப் பொம்பளை என்னைக் கொல்லப் பார்த்தாள். அவன் அண்ணன்மார் ஆனையூரில் அவள் பிறந்த வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். வீட்டுக்கு வா, புகாரை வாபஸ் வாங்கு, அவனும் வாங்கிக்கொள்வான். செல்வராணிக்குச் சாட்சி அக்கா ஒருத்திதான். அடித்தவளே சாட்சி சொன்னால் எந்த ஸ்டேஷனில் எடுபடும்?

அப்போதுதான் ரெக்கார்டரின் நினைவு வந்தது. ஓடிக்கொண்டிருந்த ரெக்கார்டர்.

கார்டை எடுத்துக் கம்ப்யூட்டரில் போட்டோம். ஃபைல் இருந்தது. அதன் நீளம் பூஜ்யம் என்று காட்டியது. அழுத்தினால் ஒன்றும் ஓடவில்லை.

"போச்சு" என்றேன்.

"எங்க போச்சு? கார்டுல எடம் அடச்சிருக்குல்ல. ஒண்ணுமில்லாததுக்கு எதுக்குய்யா எடம்?"

நிறுத்து பொத்தானை அமுக்கும்போதுதான் ரெக்கார்டர் திரும்பிப் போய்த் தலைப்பில் நீளத்தை எழுதுமாம். பேட்டரி தெறித்ததில் எழுதாமலே செத்துவிட்டது. சத்தம் பூரா உள்ளே கிடக்கிறது. தலைப்பு மட்டும் நான் வெறுமை, நான் வெறுமை என்கிறது. அக்கா ஃபைலை எண்களாகவே திறந்தாள். திரை நிறைய எண்கள், எறும்புப் புற்றைக் கிளறினாற்போல. கணக்கு டீச்சரின் விரல்கள். மொத்த நீளத்தை ஓர் இடத்திலும் சத்தத்தின் நீளத்தை இன்னோர் இடத்திலும், எண்ணைப் பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாகத் திருப்பி அடித்தாள். அப்படித்தான் அடிக்க வேண்டுமாம்.

"அக்கா" என்றேன். "நீளத்தக் கொஞ்சம் கொறச்சுப் போட்டா?"

"போட்டா அது வரைக்குந்தேன் பாடும். மிச்சம் உள்ளயே கெடக்கும். யாருக்கும் கேக்காது."

"அப்ப அவன் அடிக்கிறதோட நிறுத்திரலாமே."

ஸ்டேப்ளர் காதோரம் விர்ரென்று போய்ச் சுவரில் அடித்தது. அவள் முழு நீளத்தையும் போட்டாள்.

ஓடியது. கதவு. அவன் குரல். "ஊருக்குப் பொடியாடி போடுற?" முதல் அறை. செல்வராணி "இல்ல, இல்ல" என்கிறாள். இரண்டாவது அறை. திரையில் அந்த இடத்தில் அலையின் உச்சி தட்டையாக இருந்தது, கூரையில் முட்டி மண்டை நசுங்கினாற்போல. ரெக்கார்டரால் எழுத முடிந்த மிகப்பெரிய எண் வரிசையாக நின்றது. "இதுக்கு மேல அதுக்கு அளவு தெரியாது" என்றாள் அக்கா. அந்த அறை உண்மையில் எவ்வளவு உயரம் என்பது இனி யாருக்கும் தெரியாது. பிறகு மேசை நகர்கிறது, தலை சுவரில் மோதுகிறது, அவன் உதைக்கிறான். உதைப்பது செருப்புக் காலா வெறுங்காலா என்றுகூடக் காதுக்குத் தெரிந்தது. எங்களோடு கேட்டுக்கொண்டிருந்த செல்வராணி எழுந்து வெளியே போய்விட்டாள்.

பிறகு அவன் நிறுத்திவிட்டான்.

நாற்காலி கிறீச்சிடுகிறது, உட்காருகிறான். ஒரு டம்ளர் தண்ணீர் மெதுவாகக் குடித்து முடிக்கிற நேரத்துக்கு ஒன்றுமில்லை. அப்புறம் இரும்பு எலும்பில் இறங்குகிற சத்தம். அத்தோடு ஃபைல் முடிகிறது.

அதை அக்கா தன் வக்கீலுக்குப் போனில் போட்டுக் காட்டினாள். அவரும் மிஷன் பள்ளிக்கூடத்துப் பிள்ளை, அவளிடம் கணக்குப் படித்தவர். கேட்டுவிட்டு வேகமாகப் பேசினார்.

"டீச்சர், செல்வராணி கேஸ் நின்னுரும். இதுக்கு மேல அவள யாரும் அந்த வீட்டுக்கு அனுப்ப முடியாது. ஆனா நடுவுல அவன் சும்மா ஒக்காந்திருக்கான் பாருங்க, அந்த எடந்தான் ஒங்கள உள்ள தள்ளும். அவன் அடிக்கிறான், நீங்க அடிக்கிறீங்க, அப்பிடி இருந்தா காப்பாத்த அடிச்சது. அடிச்சு முடிச்சு ஒக்காந்தவன அடிச்சா அது வேற செக்சன். வருசக்கணக்குல போகும்."

"அதுக்கு?"

"அந்த எடத்த எடுத்துருங்க. வெறும் சும்மாதான டீச்சர், அதுல என்ன இருக்கு? அது மனசுக்கு ஒப்பலன்னா வாட்ஸப்புல அனுப்புங்க. அதுவே சுருக்கிரும், கொரகொரன்னு போகட்டும். இன்ஸ்பெக்டர் மேடம் போன்லயே கேட்டுட்டு எழுதிக்கிருவாங்க."

செல்வராணி தையல் போட்ட உதட்டோடு அக்காவின் காலடியில் உட்கார்ந்தாள். "எனக்காக நீங்க செயிலுக்குப் போறதா? அந்தப் பாவம் எனக்கு வேணாங்க்கா. வெட்டிருங்க. என்ன ஒங்க பிள்ளையா நெனச்சு வெட்டிருங்க."

அன்று அக்கா யாரையும் அடிக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"அந்த எடத்துல அவன் அழுகுறான்டி" என்றாள். "ஒனக்குக் கேக்கல, எனக்குக் கேக்குது. அடிச்சிட்டு அழுதான். அது நடந்துச்சு. அழுகுறவன நான் அடிச்சேன். அதுவும் நடந்துச்சு. ஒண்ண எடுத்துட்டு ஒண்ணக் குடுத்தா, நாளைக்கு அவன் ஒன்ன அடிச்சதையும் எவனாச்சும் சும்மாதானன்னு எடுப்பான்."

மகளிர் காவல் நிலையத்தில் இரண்டு புகாரையும் ஒன்றாக விசாரித்தார்கள். வாட்ஸப்பில் அனுப்புங்கள் போதும் என்றுதான் இன்ஸ்பெக்டர் மேடமும் சொல்லியிருந்தார். அக்கா பென் டிரைவில் ஃபைலையும், மாடியிலிருந்த பெரிய ஸ்பீக்கர் ஒன்றையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தாள். ஸ்பீக்கரை நான் தூக்கினேன், வக்கீலும் கூட வந்தார். மேசைமேல் அதை வைத்ததும் எழுத்தர் தன் டீயை நகர்த்திக்கொண்டார். எதிரே பெஞ்சில் புருஷன் கட்டிய தாடையோடு அண்ணன்மார்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தான்.

ஓட ஆரம்பித்தது. முதல் அறையிலேயே ஒரு அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். இரண்டாவதில் ஜன்னல் கம்பி அதிர்ந்தது. செல்வராணி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள், இந்த முறை வெளியே போகவில்லை. உதை விழும்போதெல்லாம் பெஞ்சில் இருந்தவனின் கால் தானாக உள்ளே இழுத்துக்கொண்டது. மேடம் எழுதிக்கொண்டே இருந்தார்.

அவன் நிறுத்தினான். நாற்காலி கிறீச்சிட்டது.

"போதும்" என்று மேடம் மவுஸை நோக்கிக் கை நீட்டினார். "இதுவே தாராளம். செல்வராணிய இனிமே யாரும் அந்த வீட்டுக்குக் கூப்பிட மாட்டாங்க."

அக்கா இன்ஸ்பெக்டரின் மணிக்கட்டைப் பிடித்தாள். எழுத்தர் எழுந்தே விட்டார்.

"இருங்க மேடம். இன்னும் இருக்கு."

"ஒண்ணும் கேக்கலியேம்மா."

அவள் ஸ்பீக்கரின் திருகைக் கடைசி வரைக்கும் திருப்பினாள். மாடி அறை முழுசாக ஸ்டேஷனுக்குள் இறங்கியது. ஏசியின் முனகல். கீழே மண்டியில் எடை சொல்லும் குரல். செல்வராணியின் மூச்சு உடைந்து உடைந்து வருகிறது. அதற்கும் அடியில் ஓர் ஆம்பளை விம்மல். பெஞ்சில் இருந்தவன் தன் அழுகையைக் கேட்டு நிமிர்ந்தான். கட்டிய வாயால் என்னவோ சொல்லப் பார்த்தான்.

விம்மலுக்குப் பக்கத்தில் இன்னொன்று கேட்டது. பொடியான சத்தம். கிறீச். கொஞ்சம் இடைவெளி. கிறீச். மறுபடி அதே அளவு இடைவெளி. கிறீச். மாடியில் சத்தம் குறைவாக ஓடியபோதும், வக்கீல் போனில் கேட்டபோதும் இது கேட்கவில்லை. நான் முதல் தடவையாகக் கேட்டேன். வக்கீல் என்னைப் பார்த்தார்.

"என்ன சத்தம் அது?" என்றார் மேடம்.

"ஸ்டாண்டுல கம்பியப் பூட்டியிருக்குற திருகு மரை. நாந்தேன் அதக் கழட்டுறேன்."

எழுத்தர் மெல்ல உட்கார்ந்தார். கிறீச். அவன் மூக்கை உறிஞ்சுகிறான். கிறீச்.

மேடத்துக்கும் மனசு இளகியிருக்க வேண்டும். பேனாவைத் தாளில் வைத்துக்கொண்டு, குரலைத் தணித்து, "ஆத்திர அவசரத்துல, என்ன செய்யிறோம்னு தெரியாமன்னு எழுதிக்கிறவாம்மா?" என்று கேட்டார். வக்கீல் அக்காவின் சட்டைக் கையை இழுத்தார். ஆமாம் என்று சொல்லச் சொல்லி இழுத்தார்.

"அப்பிடி எழுதாதீங்க மேடம்" என்றாள் அக்கா. "நல்லாக் கேளுங்க. அவசரமே இல்ல."

கிறீச் நின்றது. கம்பி கழன்று விடுபடுகிற சின்ன ஒலி. அடுத்து வரப்போவது எனக்குத் தெரியும். காதுகளைப் பொத்திக்கொண்டேன். அக்கா திரும்பி, என் இரண்டு கைகளையும் பிடித்துக் காதிலிருந்து எடுத்துவிட்டாள்.